"எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க"

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'தலித்துகளும் கல்வியும்' என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் எழுத்தறிவு விழுக்காட்டில் ஆரம்பித்து இடஒதுக்கீட்டில் முடிப்பார்கள். எனக்கு அது வராது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. 1996-லிருந்து 1998 வரைக்கும் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அதே சமயத்தில் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் சமூகவியல் பி.ஏ. சேர்ந்து படித்தேன். பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. இந்த ரெண்டு படிப்பும் என் தலைக்குள்ளே போட்டுக்கொண்ட சண்டையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். சண்டை இன்னும் தீரவில்லை. அதனால் தீர்ப்பு எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

ஏன் டீச்சர் டிரெயினிங் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. சேரியில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அன்றைக்குத் தெரிந்த உத்தியோகம் மூணுதான்: டீச்சர், நர்சு, போலீசு. கரும்பு வெட்டப் போகிற எங்கப்பா, "ரெண்டே வருசம்மா, அப்புறம் எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சி வெச்சிட்டா என்னிக்காவது ஒருநாள் கூப்புடுவான்" என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். கூப்பிட ஏழு வருசம் ஆனது.

சமூகவியல் வந்ததற்குத்தான் கதை உண்டு. அஞ்சல்வழிக் கல்வி விளக்கப் புத்தகத்தில் கட்டணம் குறைந்த பாடங்களைத் தேடிக்கொண்டு வந்தபோது 'சமூகவியல்' என்ற சொல் கண்ணில் பட்டது. நம்ம பக்கத்தில் சாதியை நாசூக்காகக் கேட்கிறவர்கள் "நீங்க என்ன சமூகம்?" என்றுதானே கேட்பார்கள். அப்படியென்றால் இது சாதியைப் பற்றிய படிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பணம் கட்டினேன். நினைத்தது பாதிக்குப் பாதி சரியாக இருந்தது. ஒரே நேரத்தில் ரெண்டு படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது 2022-ல். நாங்கள் அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. டிரெயினிங்கில் எங்க செட்டில் பாதிப்பேர் ஏதோ ஒரு பட்டத்துக்கு இப்படித்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி என்றால் என்னவென்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். பாதி நாள் எழுதுகிற வேலை. பாடக்குறிப்பு எழுத வேண்டும், துணைக்கருவி செய்ய வேண்டும், சார்ட் வரைய வேண்டும், ரெக்கார்டு நோட் போட வேண்டும். மீதிப் பாதி நாள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கரும்பலகையில் எழுத்துச் சாயக்கூடாது, சாக்பீஸ் கீச்சென்று சத்தம் போடக்கூடாது, புடவைத் தலைப்பைத் தோளில் பின் குத்தியிருக்க வேண்டும். இதையெல்லாம் நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒண்ணாம் வகுப்புக் குழந்தைக்கு 'ழ' எழுதச் சொல்லித் தருவது ஒரு கைத்தொழில். அதைக் கற்றுக்கொள்ள ரெண்டு வருசம் போதாது. நம் இயக்கத் தோழர்களில் சிலர் "டீச்சர் டிரெயினிங் என்பது அரசுக்குக் குமாஸ்தா தயாரிக்கிற இடம்" என்று மேடையில் பேசுவார்கள். அவர்கள் யாரும் நாற்பது குழந்தைகளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்ததில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ரெண்டாம் வருசம் 'தனியாள் ஆய்வு' என்று ஒன்று எழுத வேண்டும். பயிற்சிக்குப் போகிற பள்ளியில் ஒரு 'பிரச்சினைக் குழந்தை'யைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றி ரெக்கார்டு போட வேண்டும். தலைப்புகள் தயாராக இருக்கும்: பெயர், வயது, பெற்றோர் தொழில், குடும்பச் சூழல், பிரச்சினை, காரணம், தீர்வு. எங்க செட்டில் எல்லோரும் எழுதினார்கள். படித்துப் பார்த்தால் அத்தனை பிரச்சினைக் குழந்தையும் சேரிக் குழந்தை. காரணம் என்ற இடத்தில் 'தந்தை குடிப்பழக்கம் உள்ளவர்', 'பெற்றோர் கல்வியறிவற்றவர்', 'வீட்டில் படிக்கும் சூழல் இல்லை', 'சுத்தம் குறைவு'. முன் வருச ரெக்கார்டைப் பார்த்துத்தான் எல்லோரும் எழுதுவது வழக்கம். அதனால் பத்து வருசமாக அதே அப்பா அதே சாராயத்தைக் குடித்துக்கொண்டே இருந்தார். எந்தக் குழந்தையின் வீட்டுக்கும் யாரும் போனதில்லை.

நான் வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டேன். ஊர்த்தெருப் பையன், நாலாம் வகுப்பு, நன்றாகப் படிப்பான். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அவன் தண்ணீர் குடிக்க மாட்டான். வெயில் காலம். உதடு வெடித்து உட்கார்ந்திருப்பான். நான் ரெக்கார்டில் எழுதினேன்: 'பிரச்சினை: தீண்டாமை பாராட்டுதல். காரணம்: குடும்பச் சூழல், பெற்றோர் இது பற்றிய அறிவற்றவர்கள்.' அவர்களுடைய வாசகங்களையே எடுத்துத்தான் போட்டேன். விரிவுரையாளர் அம்மா படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோபமே படவில்லை. "இது பிரச்சினைக் குழந்தை இல்லம்மா. இவன் நல்லா படிக்கிற பையன். வேற எழுதிக்கிட்டு வா" என்றார். ரெக்கார்டில் கையெழுத்து இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. வேறு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். முதல் ரெக்கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நான் பயிற்சியில் சேருவதற்கு முந்தின வருசம்தான், 1995-ல், சேலம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பானைத் தண்ணீரைக் குடித்தாள் என்று ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் பெண்குழந்தைக்குக் கண் போனது. தமிழ்நாடே பேசியது. அடித்த கை சாக்பீஸ் பிடித்த கை. ரெண்டு வருசப் பயிற்சியில் ஒரு வகுப்பில், ஒரு வாக்கியத்தில்கூட அந்தச் சம்பவம் வரவில்லை. கற்றல் குறைபாடு வந்தது, மெல்லக் கற்போர் வந்தது, நுண்ணறிவு ஈவு வந்தது. தண்ணீர்ப் பானை வரவில்லை.

அந்த ராத்திரிகளில் அஞ்சல்வழிப் பாடக்கட்டில் நான் படித்துக்கொண்டிருந்தது ஹோவர்ட் பெக்கர் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளரை. 1963-ல் வந்த புத்தகம் அவருடையது. பிறழ்வு என்பது ஒருவன் செய்த காரியத்தில் இல்லை, அதற்கு முத்திரை குத்துகிறவர்களின் கையில் இருக்கிறது என்பார். நான் பக்கத்தின் ஓரத்தில் 'ரெக்கார்டு நோட்' என்று எழுதி வைத்தேன். இப்படித்தான் ரெண்டு படிப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிலிப் ஜாக்சன் என்பவர் 1968-ல் சொன்ன 'மறைமுகப் பாடத்திட்டம்' என்கிற கருத்தும் அப்படித்தான் புரிந்தது. புத்தகத்தில் இல்லாத பாடத்தைப் பள்ளிக்கூடம் எப்படிச் சொல்லித் தருகிறது என்பதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. காலையில் யார் கூட்டுகிறார்கள், கக்கூசுக்குத் தண்ணீர் ஊற்ற யாரை அனுப்புகிறார்கள், சாருக்கு டீ வாங்கிவர எந்தத் தெருப் பையனை அனுப்புவார்கள், எந்தத் தெருப் பையனை அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு வாரம் எழுதி வைத்தால் போதும்.

அதற்காகச் சமூகவியல் நம் பக்கம் நின்றது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியச் சமூகவியல் என்ற தாளை எடுத்துப் பார்த்தபோது எனக்கு வேறு அதிர்ச்சி. எம்.என். ஸ்ரீநிவாஸ் மைசூர் பக்கத்துக் கிராமம் ஒன்றை 1948-ல் ஆராய்ந்தார். 'ஆதிக்க சாதி' என்று நாம் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற சொல்லைக் கல்விப்புலத்தில் நிலைநிறுத்தியவர் அவர். ஆனால் தங்கியது ஊர்த் தலைவருக்குச் சொந்தமான இடத்தில். அந்தக் கிராமத்தை மேல்சாதிக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க முடிந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965-ல் புத்தகம் போட்டார். அவர் இருந்தது அக்கிரகாரத்தில். அக்கிரகாரத்தில் குடியிருந்ததால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரும் நேர்மையாக எழுதியிருக்கிறார். நான் இவர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. ரெண்டு பேரும் கடுமையாக உழைத்தவர்கள். நம்மைப் பற்றி எழுதப்பட்ட அறிவு எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

லூயி துய்மோன் பிரெஞ்சுக்காரர். 1966-ல் வந்த அவருடைய புத்தகம் சாதி முழுவதையும் தூய்மை, தீட்டு என்ற ஒற்றை அச்சில் சுழல வைத்தது. அதைப் பின்பற்றி மைக்கேல் மோஃபட் என்பவர் செங்கல்பட்டு மாவட்டத்தில் எண்டாவூர் என்கிற கிராமத்துச் சேரியை ஆராய்ந்து 1979-ல் ஒரு புத்தகம் எழுதினார். சேரிக்காரர்களும் தங்களுக்குள்ளே அதே படிநிலையைப் படி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களும் அந்த அமைப்பை மனசார ஏற்றுக்கொண்டவர்கள்தான் என்பது அவர் வாதம். இதற்கு அய்ந்து வருசம் முன்பே, 1974-ல், ஜோன் மென்ச்சர் என்கிற பெண் ஆய்வாளர் அதே செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களிடம் பேசிவிட்டு நேர் எதிராக எழுதியிருந்தார். கீழே இருந்து பார்த்தால் சாதி என்பது புனிதமான ஏணி இல்லை, உழைப்பைப் பிடுங்குகிற ஏற்பாடு. கீழே இருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும் என்றார். ஒரே மாவட்டம், ஒரே சனம், ரெண்டு முடிவு. எங்கள் பாடக்கட்டில் துய்மோனுக்குப் பதினைந்து பக்கம். மென்ச்சர் பெயரே இல்லை. அவரை நான் கண்டுபிடித்தது பல வருசம் கழித்து ஒரு தோழர் கொடுத்த ஜெராக்சில்.

அம்பேத்கர்? இருந்தார். 'அரசியல் சட்டத்தை வடித்த மேதை' என்று அரைப் பக்கம். 1916-ம் வருசம் மே 9-ம் தேதி கொலம்பியா பல்கலைக்கழக மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவராக அவர் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைப் பற்றி ஒரு வரி இல்லை. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அதில் நிறுவுகிறார். மேலே இருக்கிறவனைப் பார்த்துக் கீழே இருக்கிறவன் போலச் செய்வதால் சாதி பரவியது என்பதையும் அதில் விவாதிக்கிறார். ஸ்ரீநிவாஸ் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது அதே வருசம் நவம்பரில். 'சமஸ்கிருதமயமாதல்' என்று 1952-ல் அவர் புத்தகம் போட்டபோது அது புதுக் கண்டுபிடிப்பாகப் பேசப்பட்டது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் அம்பேத்கரையும் சேர்த்து எழுதினேன். மார்க் என்ன வந்தது என்பதை விடுங்கள்.

இன்னொரு விசயம். ஆசிரியர் பயிற்சி வேறு, சமூகவியல் வேறு. ஒன்று தொழில், ஒன்று அறிவு என்று நினைக்கிறோம் இல்லையா? அது பிற்காலத்துப் பிரிவினை. சமூகவியலின் தந்தையரில் ஒருவர் என்கிறார்களே எமில் துர்கைம், அவர் 1887-ல் போர்தோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தது சமூக அறிவியலும் கல்வியியலும் சேர்ந்த பணியிடத்தில். பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்வியியல் பாடம் நடத்துவது அவருடைய கடமை. 1902-ல் பாரீசுக்குப் போனதும் கல்வி அறிவியல் துறைக்குத்தான். ஒழுக்கக் கல்வியைப் பற்றிய அவருடைய பேருரைகள் ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்காக நடத்தப்பட்டவை. பிரான்சில் சமூகவியல் ஆசிரியர் பயிற்சியின் கொல்லைப்புற வழியாகத்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. இங்கே நமக்கு ஆசிரியர் பயிற்சியில் சமூகவியல் கிடையாது, உளவியல் மட்டும்தான். குழந்தையின் தலைக்குள்ளே தேடு, தெருவைப் பார்க்காதே என்று அர்த்தம்.

இப்போது நான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்த விசயத்துக்கு வருகிறேன்.

உங்களில் எத்தனை பேர் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறீர்கள்: "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க"? எல்லோரும் சிரிக்கிறீர்கள். ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கும். அல்லது சாதிச் சான்றிதழ் கொண்டுவராதவர்கள் பட்டியல் வந்திருக்கும். வாத்தியாருக்கு அவசரம். கெட்ட எண்ணமே இருக்க வேண்டியதில்லை. நமக்குப் பணம் வாங்கித் தரத்தான் எழுப்பி நிறுத்துகிறார். நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்கிறோம். மீதி இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்துகொண்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். அந்த அரை நிமிசத்தில் அந்த வகுப்புக்கு ஒரு பாடம் நடந்து முடிந்துவிடுகிறது. பாடக்குறிப்பு எழுதாத பாடம்.

இது வெறும் மனசு நோகிற விசயம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன்களை வைத்துச் செய்தது, 2004-ல் வெளியானது. மேல்சாதிப் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். தாளில் அச்சடித்த புதிர்ப்பாதைகளைப் பென்சிலால் கண்டுபிடிக்க வேண்டும்; சரியாக முடித்தால் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விட்டபோது ரெண்டு தரப்புக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஒவ்வொருவர் பெயரோடும் சாதியைச் சேர்த்து எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகு அதே வேலையைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த எண்ணிக்கை சரிந்தது. மூளை அதே மூளை. பென்சில் அதே பென்சில். வாசித்தது மட்டும்தான் புதிது.

இதைப் படித்தபோது நான் வேலைக்கு வந்து சில வருசம் ஆகியிருந்தது. தனியாள் ஆய்வில் 'காரணம்' என்ற இடத்தில் எழுதுவதற்குப் பத்து வருசத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது போல இருந்தது.

அதே சமயம் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயக்கத்துக்காரர்களாகிய நாம் அதை மறைக்கக்கூடாது. சாதியைச் சொல்லக்கூடாது, பதியக்கூடாது என்று ஆதிக்க சாதிக்காரர்களும்தான் சொல்கிறார்கள். "இப்ப யாருங்க சாதி பார்க்குறாங்க, நீங்கதான் சர்ட்டிபிகேட்ல எழுதி வெச்சிருக்கீங்க" என்பவன் யார் என்று நமக்குத் தெரியும். கணக்கெடுக்காவிட்டால் உரிமை இல்லை. ஆகவே நம் கோரிக்கை சாதியைப் பதியாதே என்பது அல்ல. ஏட்டில் இரு; வகுப்பறையில் கூவாதே என்பதுதான். இது நடைமுறையில் சாத்தியமா? சாத்தியம். எங்கள் பள்ளியில் எல்லாக் குழந்தைக்கும் ஒரு கவரில் ஒரு பாரம் போகும். எந்தத் திட்டத்துக்கானது என்பது உள்ளே இருக்கும். பிற்படுத்தப்பட்டோருக்கும் உதவித்தொகைகள் உண்டு, அதனால் யாருக்கும் வெறும் கவர் போகாது. விவரம் சரிபார்க்கச் சாயங்காலம் தெருவுக்குப் போய்விடுவேன். வீட்டுக்குப் போனால்தான் அந்த அப்பா குடிக்கிறாரா, கரும்பு வெட்டிவிட்டு வந்து கை வீங்கிப் படுத்திருக்கிறாரா என்பதும் தெரியும். ஆதிதிராவிடர் பெண்குழந்தைகளுக்கு மூணாம் வகுப்பிலிருந்து அய்ந்தாம் வகுப்பு வரை வருசத்துக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஒன்று உண்டு. அதை வாங்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ரெண்டு தரம் பஸ் ஏற வேண்டும். 500 ரூபாயில் என்ன மிஞ்சும் என்று அந்த அம்மா கணக்குப் போட்டுவிட்டு "வாணாம் டீச்சர்" என்று சொன்னால், ஆபீசில் 'பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிக்கொள்வார்கள்.

'பெற்றோர் தொழில்' என்கிற கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஞாபகம் இருக்கும்: அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் இயக்கம் அதை எதிர்த்துப் போராடி 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். பாடப்புத்தகத்தில் அதோடு கதை முடிந்தது. ஆனால் 1977-78-லிருந்து மத்திய அரசு 'சுகாதாரமற்ற தொழில்' செய்வோரின் குழந்தைகளுக்கென்று ஒரு உதவித்தொகை வைத்திருக்கிறது. மலம் அள்ளுகிறவர், தோல் பதனிடுகிறவர், செத்த மாட்டை உரிக்கிறவர் பிள்ளைகளுக்கு. நல்ல நோக்கம், காசும் தேவை. ஆனால் அதை வாங்க அப்பா அந்தத் தொழில்தான் செய்கிறார் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். எட்டு வயசுப் பிள்ளை அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்ற பரிந்துரைகளைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. அதே அறிக்கையில் வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, உதவித்தொகை விவரத்தை மாணவரைத் தனியே அழைத்துத்தான் தெரிவிக்க வேண்டும் என்றும், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. கயிற்றைப் பற்றித் தொலைக்காட்சியில் சண்டை போட்டார்கள். பாடத்திட்டத்தைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. நாமும் போடவில்லை, தோழர்களே. நாம் போட வேண்டிய சண்டை அது.

செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தபோது ஆசிரியர்களில் பலர் எதிர்த்தார்கள். பாய் போட்டுத் தரையில் உட்கார வேண்டும், அட்டைகளை அடுக்க வேண்டும், வேலை ஜாஸ்தி. எனக்கு அதில் ஒரு விசயம் பிடித்திருந்தது. எந்தக் குழுவில் யார் உட்காருவது என்பதைக் குழந்தை எடுத்து வந்த அட்டையின் சின்னம்தான் முடிவு செய்யும். முயல் சின்னம் வந்தால் முயல் வட்டம். தெரு முடிவு செய்யாது, வாத்தியாரும் முடிவு செய்ய மாட்டார். முதல் ரெண்டு மாசம் ஊர்த்தெருவிலிருந்து பெற்றோர் வந்து நின்றார்கள். "எங்க புள்ளய தனியா ஒக்கார வையுங்க" என்று நேரடியாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. "தரையில ஒக்காந்தா சளி புடிக்குது" என்றார்கள். நான் ரெண்டு பாய் சேர்த்துப் போட்டுவிட்டேன். மத்தியானம் சத்துணவு நேரத்தில் வட்டம் கலைந்து தெருவாக மாறிவிடும், அதையும் சொல்ல வேண்டும். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தையே மறித்தார்களே, அதே சோற்றுப் பிரச்சினைதான் எல்லா ஊரிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. திட்டங்கள் மாறும்போது எழுத்துச் சொல்லித் தருகிற முறையைத்தான் பேசுகிறார்கள். யாரோடு யார் உட்காருகிறார்கள் என்று எந்தத் திட்ட அறிக்கையும் பேசியதில்லை.

1882-ல் ஹண்டர் கல்விக் கமிஷன் முன்னால் சோதிராவ் புலே சாட்சி சொன்னார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய மட்டும் உழைக்கிற சாதிகளிலிருந்து வர வேண்டும், பார்ப்பன ஆசிரியர்கள் எங்கள் பிள்ளைகளோடு ஒட்டமாட்டார்கள் என்றார். ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு நல்ல சம்பளம் கொடு என்றும் சொன்னார். நம் பக்கத்தில் எம்.சி. ராஜா ஆசிரியராக வேலை பார்த்துவிட்டுத்தான் தலைவரானார். ஆக, நம் விடுதலை வரலாற்றில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் சின்ன ஆள் இல்லை.

புலே சொன்ன பாதி நடந்துவிட்டது. இடஒதுக்கீட்டால் நாம் வாத்தியாராக வந்துவிட்டோம். வந்தவர்கள் என்ன செய்கிறோம்? டவுனில் வீடு வாடகைக்குக் கேட்கும்போது சாதியை மறைக்கிறோம். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், வீடு வேண்டுமே. ஆனால் மறைத்துப் பழகின வாய் பள்ளிக்கூடத்திலும் மூடிக்கொள்கிறது. பானையைப் பார்த்தால் பார்க்காத மாதிரிப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் அகவிலைப்படியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற என் சக ஆசிரியர்களிடம் கேட்டால், "எதுக்குக்கா வம்பு, டிரான்ஸ்பர் வந்துடும்" என்கிறார்கள். டிரான்ஸ்பர் வரத்தான் செய்யும். எனக்கு ரெண்டு தரம் வந்தது. போன இடத்திலும் பானை இருந்தது.

தம்பி ஒருத்தர் ஆரம்பத்திலேயே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'பயிற்சியில் இருக்கிறேன், கூடவே சமூகவியல் படிக்கலாமா, அல்லது வேலைக்கு உதவுகிற மாதிரி தமிழோ ஆங்கிலமோ படிக்கட்டுமா?' பதவி உயர்வுக்கு வழி என்று பார்த்தால் தமிழோ ஆங்கிலமோ கணக்கோ படியுங்கள். சமூகவியலுக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டதாரி ஆசிரியர் பதவி கிடையாது, எனக்கும் அது கிடைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு படிப்பதானால் படியுங்கள், நான் புத்தகம் தருகிறேன்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு எல்லோரும் 1916 கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள். தமிழிலும் கிடைக்கிறது, சின்னக் கட்டுரைதான். பயிற்சியில் இருக்கிறவர்கள் ரெக்கார்டு நோட்டில் தனியாள் ஆய்வுப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். குழந்தையின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் அடித்துவிடுங்கள். 'காரணம்' என்று இருக்கிற கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து வரிசையாக ஒட்டி வைத்துப் படிப்போம்.